தோள்பட்டையில் ஒரு துளை

குடியேற்றக் காணி கிடைத்து விசுவமடுவுக்கு வந்த சனத்துக்கு அங்கே இல்லாதவை பல. ஆனாலும் அவர்களுடைய மனம் அதிகம் தேடியது ஒரு காவல் தெய்வத்தைத்தான். யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த ஊர்களில் ஒவ்வொரு தெரு ஒழுங்கையின் முடக்கிலும் ஒரு வைரவர் இருந்தார். இங்கே காடு இருந்தது, யானை இருந்தது, காய்ச்சல் இருந்தது. பயம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை. அதனால்தான், அறுபத்தோராம் ஆண்டு ஆனி மாதத்தில் கிளை வாய்க்கால் வெட்டியவர்களின் மண்வெட்டியில் ஒரு மனித எலும்புக்கூடும் அதற்குப் பக்கத்தில் துருவேறிய ஈட்டிமுனை ஒன்றும் தட்டுப்பட்டபோது, சனம் பயப்படவில்லை. நெடுநாளாகக் காத்திருந்த ஒருவர் வந்து சேர்ந்ததைப் போல மகிழ்ந்தது.

கோயில் சபைத் தலைவர் கதிர்காமநாதன் அன்று பின்னேரமே முடிவு சொல்லிவிட்டார். இது வன்னியரசர் காலத்துப் படைவீரன். இந்த மண்ணைக் காக்க நின்று, எதிரியோடு பொருது, விழுந்த இடத்திலேயே கிடக்கிறான். அவர் அப்படிச் சொன்னதில் கள்ளம் எதுவும் இல்லை. காடு வெட்டி, வேர் கிண்டி, இரண்டு போகம் அழிந்து, இன்னும் இந்த நிலம் தங்களை ஏற்றுக்கொண்டதா என்று தெரியாமல் தவித்த மனுசர் அவர். தங்களுக்கு முன்னே தங்கள் ஆள் ஒருவன் இங்கே நின்றிருக்கிறான் என்பது அவருக்குக் காணி உறுதியைவிடப் பெரிதாகப் பட்டது. வாய்க்கால் கரையில் ஒரு கல்லை நட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் எரிந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சுட்டால் தாய்மார் அந்தக் கல்லடி மண்ணைக் கிள்ளி நெற்றியில் பூசினார்கள்.

கொல்லன் வீரகத்தியின் மனைவி கமலாசனியும் பூசினாள். அவளுடைய மகள் அருந்ததிக்கு அப்போது எட்டு மாதம். முதற்பல் முளைக்கிற காலத்துக் காய்ச்சல். வாய்க்கால் வேலைக்காரரின் மண்வெட்டிகளையும் அலவாங்குகளையும் சரிபார்த்துக் கொடுப்பதற்காக வீரகத்தி வேலைத்தலத்திலேயே பட்டறை போட்டிருந்தான். துருத்தி ஊதுவது கமலாசனி. பெரிய இரும்பு வந்தால் எதிர்நின்று சம்மட்டி அடிப்பதும் அவள்தான். குழந்தை பக்கத்து மருதமரத்துக் கொப்பில் கட்டிய ஏணையில் ஆடிக்கொண்டிருக்கும். எலும்புகள் வெளிப்பட்ட அன்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்த முதல் ஆட்களில் அவளும் ஒருத்தி.

வேலைக்குப் பொறுப்பாக இருந்த ஓவசியர் யோகலிங்கம் பழைய சாமான்களில் பித்துள்ள மனுசர். பானை ஓடொன்று கிடந்தாலும் குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்ப்பார். எலும்புகளைத் தன் கையாலேயே பொறுக்கி, ஒரு தேயிலைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்து, தன் குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோனார். கொழும்பிலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்கும் அறிவித்தார். பிறகு ஆறுதலாக உட்கார்ந்து, தூரிகையால் மண் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் வலது தோள்பட்டை எலும்பில் அந்தத் துளையைக் கண்டார். சின்னிவிரல் நுழையும் அளவு. நாலு மூலை. ஈட்டிமுனையும் நாலு பட்டை.

அதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்த கதிர்காமநாதனின் முகம் செத்துப்போனது. முதுகுப் பக்கம் துளை. புறமுதுகு காட்டி ஓடினவனுக்கா இத்தனை கற்பூரம் கொளுத்தினோம்? ஈட்டி நெஞ்சால் நுழைந்து முதுகால் வெளியே வந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். யோகலிங்கம் யோசித்தார். வரலாம். இரும்பு எந்தப் பக்கத்தால் நுழைந்தது என்பதை எலும்பு உடைந்த விதமே காட்டும். ஆனால் இந்தத் துளையின் உள்விளிம்பை மண் கொஞ்சம் தின்றிருக்கிறது, பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதே மாதிரி ஈட்டி ஒன்று செய்து, பன்றி உடம்பில் எல்லா விதமாகவும் குத்திப் பார்த்தால் ஒருவேளை தெரியும் என்றார். கதிர்காமநாதன் அந்த இடத்திலேயே பன்றிக்குத் தான் பொறுப்பு என்றார். இப்படித்தான் அந்த வேலை வீரகத்தியின் பட்டறைக்கு வந்தது.

வீரகத்திக்கு உள்ளூரப் பெருமை. மண்வெட்டிக்கு வாயடித்து அலுத்திருந்த கை அது. கடையில் வாங்கும் உருக்கு இதற்குச் சரிவராது, பழைய இரும்பு மென்மையானது என்று ஓவசியர் சொல்ல, கழித்துப்போட்ட வண்டிற்சில்லின் இரும்புப் பட்டமொன்றைத் தேடி எடுத்தான். பழைய ஈட்டிமுனையைத் துணியில் சுற்றிப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டான். அடிக்கு அடி அதை எடுத்துப் பார்ப்பான், தடவுவான், திரும்ப வைப்பான்.

முதலாவதாகச் செய்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவதும் பிடிக்கவில்லை. கம்பு செருகுகிற குழல் ஏதோ பிழைத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு காலை, சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"இதை அடிச்சவன் இடக்கையன், கமலம். மடிப்பு மற்றப் பக்கமாய் விழுந்திருக்குது, பார்."

அவளும் பார்த்தாள். தகட்டை உருட்டி மூடிய கோடு, வீரகத்தி மடிக்கும் பக்கத்துக்கு நேரெதிராக ஓடியது. அன்றிலிருந்து அவன் இரும்பைப் பிடிக்கும் குறட்டை வலது கையிலும் சுத்தியலை இடது கையிலும் பிடித்து அடிக்கத் தொடங்கினான். முதலில் தடுமாறினான். பிறகு தடுமாற்றம் போய்விட்டது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரவு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அவனுடைய இடக்கை தானாக நீளும்; அவள் பார்ப்பதைக் கண்டு இழுத்துக்கொள்வான். ஒருமுறை குழந்தையைத் தூக்க நீட்டியதும் அந்தக் கைதான். அவள் குறுக்கே போய்க் குழந்தையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கமலாசனி பழைய முனையைத் தொடவில்லை. அதுவரை அது வெறும் இரும்பு. இப்போது அதற்குப் பின்னால் ஒரு கை வந்துவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. ஈட்டி அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இன்னொரு அடி கேட்டது. தூரத்தில், கொஞ்சம் பிந்தி, யாரோ தங்களைப் பார்த்துச் செய்வதைப் போல. குளக்கட்டில் பட்டுத் திரும்புகிற சத்தம் என்றான் வீரகத்தி. மண்வெட்டி அடிக்கும்போது அது ஏன் திரும்புவதில்லை என்று அவள் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. துருத்தியை மட்டும் அழுத்தி ஊதினாள். முனை சிவந்து, அவன் அதைத் தண்ணீரில் தோய்த்து எடுத்தபோது ஏணைக்குள் குழந்தை வீரிட்டு அழுதது. அது எல்லாக் குழந்தையும் அழுவதுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதிரைக் கம்பில் பொருத்தி முடித்தபோது அந்த ஈட்டி பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கையில் எடுத்த எல்லோரும் ஒரு தரமாவது ஓங்கிப் பார்த்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதை எடுத்தால் கை ஓங்கத்தான் சொன்னது.

எறிவதற்கு ஆள் வேண்டியிருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் மரியநாயகம், கடலில் மண்டா எறிந்து திருக்கை குத்துவதில் பேர்போனவர். தண்ணீருக்குள் நிழலாக ஓடும் மீனை வள்ளத்தில் நின்றபடி குத்துகிற கண். யோகலிங்கம் கேட்டதும் விளையாட்டுப் போல ஒத்துக்கொண்டார். கதிர்காமநாதன் சொன்ன வேட்டைக்காரன் விடியற்காலையில் பன்றிகளைச் சுட்டுக் கொண்டுவந்து போட்டான். வற்றிக் கிடந்த குளத்தின் நடுவில், தனித்து நின்ற மரமொன்றின் கீழ், காலைவெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்க்கச் சனம் கூடக்கூடாது என்று ஓவசியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரும், மரியநாயகமும், வீரகத்தியும், கமலாசனியும் மட்டும்; குழந்தையின் ஏணையைக் குளக்கட்டு மரமொன்றில் கட்டியிருந்தார்கள். கதிர்காமநாதனுக்கு அன்று கிளிநொச்சியில் அலுவல். பின்னேரம் வந்து முடிவு கேட்பதாகச் சொல்லிப் போயிருந்தார்.

முதற்பன்றியை மனுசன் நிற்கிற உயரத்தில் மரத்தில் தொங்கவிட்டார்கள். மரியநாயகம் பின்னுக்குப் போய், ஈட்டியைக் கையில் போட்டுப் பாரம் பார்த்து, எறிந்தார். குறி தப்பவில்லை. ஆனால் உடம்பு எறியோடு சேர்ந்து பின்னுக்கு ஆடியது. அறுத்துப் பார்த்தபோது தோள்பட்டை எலும்பு ஓடுபோலச் சிதறியிருந்தது. திரும்ப எறிந்தார். திரும்பவும் சிதறல். மற்றப் பன்றியைக் கட்டி, கிட்ட நின்று, நெஞ்சுப் பக்கத்தால் முழுப்பலத்தோடும் குத்தினார். விலா எலும்புகளுக்குள் சிக்கி, முனை முதுகுக்கு எட்டவேயில்லை. முதுகுப் பக்கத்தால் நின்றபடி குத்தினார். எலும்பு நீளவாக்கில் பிளந்தது, துளை விழவில்லை. பெட்டியில் இருந்ததைப் போல, பக்கத்தில் வெடிப்பில்லாத, சுத்தமான நாலுமூலைத் துளை எந்த விதத்திலும் வரவில்லை.

யோகலிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உடம்பு ஆடாமல் இருந்தால் என்ன என்றார். பின்னுக்குப் போக இடமில்லாமல் இருந்தால்.

வீரகத்தி கயிற்றை அறுத்தான். பன்றி நிலத்தில் விழுந்தது. அதைப் பக்கவாட்டாகப் புரட்டிவிட்டு மரியநாயகத்திடம் ஈட்டியைக் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு, கிடந்ததற்கு மேலே போய் நின்றார். இரண்டு கையாலும் ஓங்கினார். பிறகு மெல்லக் கையைத் தாழ்த்தினார்.

"கடலிலை மீன் ஓடும். ஓடுறதைத்தான் நான் குத்திறனான்," என்றார். "இது ஓடாத சாமான், ஓவசியர் ஐயா. இதுக்கு என்னைக் கேளாதேங்கோ."

ஈட்டியை மரத்தில் சாத்திவிட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கருவாட்டுப் பெட்டி பின்னால் ஆடிக்கொண்டு போவதைக் கமலாசனி கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தானும் அப்படிப் போய்விடலாம் என்றிருந்தது.

குத்தியது வீரகத்தி. ஒரே குத்து. எலும்பு உடைகிற சத்தம் என்று அவள் எதிர்பார்த்தது வேறு. இது ஈரமான பலகையில் ஆணி இறங்குவதைப் போலச் சின்னச் சத்தம், அவ்வளவுதான். யோகலிங்கம் குந்தியிருந்து தசையை அறுத்து, எலும்பை எடுத்து, போத்தல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நாலு மூலை. பக்கத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. பெட்டியிலிருந்து கொண்டுவந்த பழைய எலும்பை அதற்குப் பக்கத்தில் பிடித்தார். எது எந்தக் காலத்தது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்லலாம்; துளையை வைத்துச் சொல்ல முடியாது.

"நிலத்திலை கிடந்த ஆளைக் குத்தியிருக்கினம்," என்றார் மெதுவாக.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யோகலிங்கத்துக்கு ஒன்றைத் தொடங்கினால் அடிவரை போகாமல் விடத் தெரியாது. துளை கொஞ்சம் சரிவாக இறங்கியிருக்கிறது. குத்தினவன் எந்தப் பக்கம் நின்றான் என்று தெரிய வேண்டுமென்றால் ஆள் எப்படிக் கிடந்தது என்று தெரிய வேண்டும். தான் போய்ச் சேருவதற்குள் வேலைக்காரர் பாதி எலும்பை அசைத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். கமலாசனி, தான் முதலிலேயே கண்டதாகவும், கிடந்த விதம் தனக்கு நினைவிருக்கிறது என்றும் சொன்னாள். சொல்லிக் காட்ட முயன்றாள். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெடித்துக் கிடந்த குளத்து மண்ணில் அவளே படுத்தாள்.

இடப்பக்கம் சரிந்து. முழங்கால் இரண்டையும் வயிற்றுக்கு இழுத்து. தலை நெஞ்சுப் பக்கம் குனிந்து. இடக்கை தலைக்குக் கீழே. வலக்கை முன்னால் வளைந்து.

வீரகத்தியை அவளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் யோகலிங்கம். ஈட்டியைப் பிடித்து, முனையை அவளுடைய முதுகுக்கு ஒரு முழம் மேலே நிறுத்தி, கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் சரித்து, இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கமலாசனிக்கு அவர்கள் இருவரும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது நிழல். வெயில் பின்னாலிருந்து வந்ததால் மனுசனின் நிழலும் ஈட்டியின் நிழலும் அவளுக்கு மேலாக விழுந்து, அவளுடைய வளைந்த கைக்குள் இருந்த வெறும் மண்ணில் கிடந்தன. பிறகு ஈட்டியின் நிழல் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியது.

அந்தக் கைக்குள் இருந்த வெறுமையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வளைவு அவளுக்குத் தெரிந்த வளைவு. ஒவ்வொரு இரவும் பாயில் அவள் படுக்கிற படுக்கை அதுதான். முழங்கால் எதற்கு வயிற்றுக்கு வருகிறது, தலை எதைப் பார்க்கக் குனிகிறது, வலக்கை எதைச் சுற்றி வளைகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இரு மார்பும் சுரீரென்று இழுத்தன. ஏணையில் குழந்தை நித்திரை; அழவில்லை, அசையவும் இல்லை. ஆனாலும் பால் சுரந்து, சட்டை நனைந்து, மண்ணில் சொட்டியது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வீரகத்தி ஈட்டியோடு பின்னால் நகர்ந்தான். அவனுடைய முகம் சாம்பல் பூசியதைப் போல இருந்தது.

"ஐயா, இது சண்டைக்கு வந்த ஆள் இல்லை," என்றாள். "இந்தக் கைக்குள்ளை ஒரு பிள்ளை இருந்தது."

யோகலிங்கம் கையிலிருந்த பழைய எலும்பைத் துணியில் சுற்றினார். சுற்றியதை அவிழ்த்துத் திரும்பவும் சுற்றினார். இடுப்பெலும்பு அகலமாக இருந்தது தனக்கு முதலிலேயே உறுத்தியது என்றும், எல்லோரும் வீரன் வீரன் என்று கும்பிட்டுக்கொண்டிருந்ததில் தானும் அதை நினைக்காமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். பிள்ளை இருந்திருந்தால் அதன் எலும்பு எங்கே என்று கேட்டார். கேட்டபோதே அவருக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

முதன்முதல் எலும்புகள் வெளிப்பட்ட அன்று சுற்றி மண் எடுத்தவர்கள் சின்னச்சின்ன எலும்புகளையும் கண்டார்கள். ஈர்க்குப் போல மெல்லியவை. வீரன் கடைசியாக முயல் சுட்டுத் தின்றிருக்கிறான் என்று ஒருவன் பகிடி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கமலாசனியும் சிரித்தாள். பிறகு அந்த மண்ணைக் கடகத்தில் அள்ளி, வாய்க்கால் கரைக்குக் கொட்டினார்கள்.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனாள். வீரகத்தி பட்டறையிலிருந்து மணல் அரிக்கிற தட்டை எடுத்துவந்தான். யோகலிங்கம் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்களோடு மண்ணில் குந்தினார். உச்சிவெயில் ஏறி இறங்கும்வரை மூவரும் அரித்தார்கள். விலா எலும்புத் துண்டுகள் கிடைத்தன. மண்டையோட்டின் தகடு ஒன்று கிடைத்தது, முட்டைக்கோது போல. கடைசியாகக் கீழ்த்தாடை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பல் வெளியே வந்திருந்தன. மற்றவை உள்ளே, வரக் காத்துக்கொண்டு, எலும்புக்குள் மணிமணியாகத் தெரிந்தன. இடுப்பில் இருந்த அருந்ததி கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தாள். கமலாசனி கையை மூடிக்கொண்டாள்.

பின்னேரம் கதிர்காமநாதன் வேட்டி கசங்காமல், வெற்றிலைத் தட்டோடு வந்தார். நெஞ்சால்தான் நுழைந்தது என்று கேட்டவுடன் கல்லடியில் பொங்கல் வைப்பதாக எண்ணம். யோகலிங்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் துணியை விரித்துத் தாடையைக் காட்டினார். கதிர்காமநாதன் தட்டைக் கீழே வைத்தார். சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாங்கள் ஆரைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறம்?"

அவர் அதை அவர்களைப் பார்த்துக் கேட்கவில்லை. நட்டுவைத்த கல்லைப் பார்த்துக் கேட்டார். பொழுது சரிகிறபோதுதான் எழுந்தார். சனத்துக்கு இதைச் சொல்ல வேண்டாம், இருக்கிற பயம் போதும் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டுக்கொண்டார். யோகலிங்கம் ஒத்துக்கொண்டார். கமலாசனி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லடிக்கு வருகிற தாய்மாரை நினைத்தாள். அவர்கள் வீரனே காப்பாற்று என்று கும்பிடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவள் யாரென்று தெரிந்தால் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்களா, ஓடிவிடுவார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று தொடங்கி அவளுக்கு நித்திரை கெட்டது. இடப்பக்கம் படுத்தால் முன்னால் பாயில் நிழல் விழுந்தது. வலப்பக்கம் திரும்பினால் குழந்தை முதுகுக்குப் பின்னால் போனது, அதுவும் முடியவில்லை. சுவரோடு சாய்ந்து, குழந்தையை மடியில் வைத்தபடி விடியவிடிய இருந்தாள். தேங்காய் உடைத்தாலும், முற்றத்தில் முளைக்கட்டை அடித்தாலும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. வீரகத்தி அதைக் கண்டான். அவனும் அவளுக்குப் பின்னால் வந்து நிற்பதை விட்டுவிட்டான். ஏதும் எடுக்க வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துதான் எடுத்தான்.

கொழும்புக்குப் பெட்டி போகிற நாள் நெருங்கியது. கமலாசனி யோகலிங்கத்தின் குவாட்டர்ஸுக்குப் போனாள். உள்ளே வரச் சொல்லியும் போகாமல் வாசலில் நின்றாள்.

"தாயை அங்கை அனுப்பிப்போட்டுப் பிள்ளையை இஞ்சை வைச்சிருக்கேலாது, ஐயா. ரெண்டு பேரையும் ஒண்டாய் மண்ணிலை வையுங்கோ. என்னாலை படுக்க முடியேல்லை."

இரண்டையும் சேர்த்து அனுப்பலாமே என்று யோகலிங்கம் சொல்லிப் பார்த்தார். சேர்த்து அனுப்பினாலும் அங்கே வேறுவேறு தட்டில்தான் வைப்பார்கள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அரசாங்க உத்தியோகம், எழுதியாகிவிட்டது, கேட்டால் என்ன சொல்வது என்றார். அவள் போகவில்லை. அப்படியே நின்றாள்.

கடைசியில் கொழும்புக்குப் போனது பழைய ஈட்டிமுனை மட்டும். எலும்புகளைக் கறையான் அரித்துவிட்டதாக அவர் மறுமொழி எழுதினார். தன் வாழ்க்கையில் ஒரு பானை ஓட்டைக்கூட இடம் மாற்றிச் சொல்லாத மனுசர் அவர்.

வாய்க்காலுக்கு அப்பால், தண்ணீர் ஏறாத மேட்டில், ஒரு பாலைமரத்தின் கீழ் குழி வெட்டினார்கள். கதிர்காமநாதனும் வந்திருந்தார், யாரும் அழைக்கவில்லை. அவர்கள் எந்தச் சமயத்தவர்கள், எந்தப் பேரால் கூப்பிடப்பட்டவர்கள் என்று தெரியாததால் ஒருவரும் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. தாயின் எலும்புகளை அடுக்கியவள் கமலாசனி. இடப்பக்கம் சரித்து, முழங்காலை மடித்து, வலக்கையை வளைத்து. அந்த வளைவுக்குள் சின்னவற்றை வைத்தாள்.

புது ஈட்டியைக் கல்லடியில் வேலாக நடத் தரும்படி சபைக்காரர் சிலர், விஷயம் தெரியாமல், வீரகத்தியிடம் கேட்டு வந்தார்கள். அவன் தகட்டில் முனையில்லாத வேலொன்று வெட்டிக் கொடுத்தான். ஈட்டியை உலையில் வைத்துச் சிவக்கச் சிவக்க அடித்தான். கமலாசனி துருத்தி ஊதினாள். அதை அவன் கத்தியாகவோ கொழுவாகவோ ஆக்கவில்லை. ஒன்றாகவும் ஆகாத கட்டியாகும்வரை அடித்துவிட்டு, நிறுத்தினான். அதற்குப் பிறகு பன்றி ஈட்டி செய்யச் சொல்லி யார் வந்தாலும் வட்டக்கச்சிக் கொல்லனிடம் போகச் சொல்லி அனுப்பிவிடுவான்.

மாரிக்கு முன்னால் யோகலிங்கத்துக்கு மாற்றல் வந்தது. எலும்புகளைப் பற்றி மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் சொன்ன பதில் அவர்களுக்குப் போதவில்லை. போகிற அன்று காலை சொல்லிக்கொள்ளப் பட்டறைக்கு வந்தார். கமலாசனி உள்ளே தட்டிக்குப் பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே இருவரும் மழையைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் கதைப்பது கேட்டது. பிறகு கதை நின்றது. சைக்கிளின் தாங்கியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஆனால் சைக்கிள் போகவில்லை.

"வீரகத்தி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நீர்தானே மேலை நிண்டனீர். குத்தினவன் அந்தப் பிள்ளையைக் கண்டிருப்பானோ?"

இத்தனை நாளும் கமலாசனியின் நாவரை வந்து வந்து திரும்பிப்போன கேள்வி அது. அவனைக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வீரகத்தியின் குரல் உலைக்குள் இருந்து வருவதைப் போல அடங்கி வந்தது.

"கண்டிருப்பான், ஐயா. அந்த உயரத்திலை நிண்டால் எல்லாம் தெரியும்."

யோகலிங்கம் சைக்கிளைத் திருப்பினார். தட்டியின் இடுக்கால் அவள் பார்த்தாள். ரோட்டு முடக்குவரை அவர் அதை உருட்டிக்கொண்டே போனார், ஏறவில்லை. வீரகத்தி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எது எந்தக் கையென்று மறந்தவனைப் போல, பார்த்துக்கொண்டு நின்றான்.